கடலோரத்துக்கு விடியல் மழை, உள்நாட்டுக்கு மாலை மழை: இது விதியா, வாய்வழிச் செய்தியா?

தொடக்கக் கேள்வி (வாசகர் ஒருவர்) – மே 11, காலை 7.40

கடற்கரை ஊர்களில் மழை விடியற்காலையில் பெய்யும், உள்நாட்டில் மாலையில் பெய்யும் என்று பலரும் சொல்கிறார்கள். என்னிடம் இரண்டு ஊர்களின் மணிவாரி மழைக் கணக்கு இருக்கிறது. உள்நாட்டு ஊர் சொன்னபடி நடக்கிறது. கடலோர ஊர் அடங்கவே இல்லை. அங்கே மாலையிலும் பெய்கிறது, இரவு 9 மணிக்கும் பெய்கிறது, விடியலிலும் பெய்கிறது. விதி தப்பா, என் கணக்கு தப்பா?

பதில் – மே 11, இரவு 9.20

இரண்டும் தப்பில்லை. விதியில் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதுதான் சிக்கல். நிலத்தின் மேல் மழை மாலையில் உச்சம். திறந்த கடலின் மேல் விடியலுக்குச் சற்று முன்பு உச்சம். "திறந்த கடல்" என்பதைக் கவனியுங்கள். கரை என்பது முழுக் கடலும் இல்லை, முழு நிலமும் இல்லை. ரெண்டு பக்கமும் அதைப் பிடித்து இழுக்கும்.

முதலில் உள்நாட்டைப் பார்ப்போம், அது சுலபம். சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி. தரை மிக அதிகமாகச் சுடுவது 1 மணி வாக்கில். தரையை ஒட்டிய காற்று 2, 3 மணிக்கு உச்ச வெப்பத்தைத் தொடும். மழையோ 4 முதல் 6. இந்தத் தாமதம் ஏன் என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

நான் பல வருடம் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, சமவெளியில் இருந்தவன். கோடையில் வானத்தைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. காலை 11 மணிக்குச் சின்னதாக ஒரு பஞ்சு மேகம் எழும். கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். மேலே உள்ள வறண்ட காற்று அதைத் தின்றுவிடுகிறது. ஆனால் அது கரைந்த இடத்தில் ஈரம் மிச்சமாகிறது. அடுத்து வரும் மேகம் அந்த ஈரத்துக்குள் ஏறுவதால் இன்னும் கொஞ்சம் உயரம் போகும், அதுவும் கரையும். மதியம் முழுக்க நடப்பது இந்த வழி அமைக்கும் வேலைதான். எப்போதோ ஒன்று கரையாமல் தப்பித்து, வறண்ட அடுக்கைத் தாண்டி விறுவிறுவென்று மேலே போகும். அதன் உச்சி விளிம்பைப் பாருங்கள். அது கறாராகத் தெரியும் வரை உள்ளே இருப்பது நீர்த்துளி. விளிம்பு கலங்கி, நார்நாராகப் பிரிய ஆரம்பித்தால் உச்சி பனியாக உறைகிறது என்று பொருள். அப்புறம் கொடியில் காயும் துணியை எடுக்க அதிக நேரம் கிடைக்காது.

மே 12, காலை 6.05

கடல் பக்கம். பகலில் கடல் மேற்பரப்பு பெரிதாகச் சூடாவதில்லை. தண்ணீருக்கு வெப்பக் கொள்ளளவு அதிகம், அலை அதைக் கீழே வரைக்கும் கலக்கிவிடுகிறது. அதனால் "சுட்ட தரை, எழும் காற்று" கதை அங்கே செல்லாது. பிறகு ஏன் விடியலில் மழை? மேலிருந்து பாருங்கள். இரவில் மேகத்தின் உச்சி வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கிறது. உச்சி குளிர, அடி அப்படியே இளஞ்சூட்டில் இருக்க, மேகம் நிலைகுலைந்து மேலும் வளர்கிறது. பகலில் அதே உச்சியில் வெயில் பட்டுச் சூடேறுவதால் வளர்ச்சிக்குக் கடிவாளம் விழுகிறது.

இது ஒரு விளக்கம். 1977ல் வானிலை ஆய்வாளர்கள் வில்லியம் கிரேயும் ஜேக்கப்சனும் வேறொன்று சொன்னார்கள்: மேகக்கூட்டமும் அதைச் சுற்றியுள்ள தெளிந்த வானமும் இரவில் வேறு வேறு அளவில் குளிர்கின்றன, அந்த வித்தியாசத்தால் சுற்றியுள்ள காற்று கூட்டத்துக்குள் பாய்கிறது, அதனால் காலையில் மழை வலுக்கிறது. இரவில் காற்று குளிரும்போது ஒப்பு ஈரப்பதம் ஏறுவதால்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எது முக்கியம் என்று அடித்துக்கொள்வதைவிட மூன்றும் ஒரே திசையில் தள்ளுகின்றன என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதி.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கடலின் விடியல் உச்சம், நிலத்தின் மாலை உச்சம் அளவுக்கு எடுப்பானதல்ல.

மே 12, மதியம் 1.30

"இரவில் கடல் சூடு, நிலம் குளிர், காற்று கடலுக்குப் போகிறது, அதனால் கடலில் மழை. அவ்வளவுதான், ஏன் இத்தனை இழுக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கரைக்குப் பக்கத்துக் கடலுக்கு அது சரி. நிலத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலிலும் விடியல் உச்சம் இருக்கிறதே, அங்கே நிலக்காற்று எங்கிருந்து வரும்?

மே 14, இரவு 10.45

இப்போது கரை. கேட்டவருக்கு வேண்டியது இதுதான், நான்தான் சுற்றி வளைத்துவிட்டேன்.

பகலில் கடற்காற்று உள்ளே நுழைகிறது. அதன் முன்விளிம்பில் குளிர்ந்த கடல் காற்று சூடான நிலக் காற்றை நெம்பி மேலே தூக்குகிறது. மழைமேகம் அந்தக் கோட்டில் எழும். அந்தக் கோடோ ஒரே இடத்தில் நிற்காது. முற்பகலில் கரையில் இருக்கும். மாலைக்குள் 20, 40 கிலோமீட்டர் உள்ளே போயிருக்கும். தட்டையான நிலமாக இருந்தால் நூறையும் தாண்டும். கோடு கடந்துபோன பிறகு கரையில் இருப்பது குளிர்ந்த, அமைதியான கடல் காற்று. அதில் மேகம் எழும்பாது.

கடலோரத்துக்குக் குடிவந்த பிறகு என்னை முதலில் எரிச்சல்படுத்தியதே இதுதான். பிற்பகல் 3 மணிக்கு மாடியில் நின்றால் உள்நாட்டுப் பக்கம் வரிசையாக இடிமேகம், அடிப்பக்கம் கரேலென்று, மின்னல்கூடத் தெரியும். தலைக்கு மேலே பளிச்சென்று வெயில். மழைமானி காய்ந்து கிடக்கும். இத்தனைக்கும் அந்த மழையின் ஈரம் எங்களைக் கடந்துதான் போயிருக்கிறது.

அப்புறம் என்ன ஆகும் என்பதை மேல்காற்று தீர்மானிக்கும். தரையில் வீசுவதல்ல, 3 முதல் 5 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று. இடிமேகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது அது. மேல்காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி அடித்தால், மாலை உள்ளே பிறந்த இடிமழை திரும்பிக் கரைக்கு வரும். வந்து சேரும்போது இரவு 8, 9, 10. மேல்காற்று கடலிலிருந்து நிலம் நோக்கி அடித்தால் உள்ளே போனது போனதுதான். அந்த நாட்களில் இரவில் நிலக்காற்று கடலுக்குள் இறங்கி, எதிரே வரும் கடல் காற்றோடு மோதும். கரைக்கு வெளியே கடலின் மேல் ஒரு மழைக்கோடு உருவாகும். அதை மேல்காற்று கரைக்குத் தள்ளினால் விடியல் மழை.

ஆக, ஒரே ஊர், இரண்டு நேரம். உங்கள் கணக்கில் இரவு 9ம் விடியலும் இருப்பது இதனால் இருக்கலாம். நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன்: ஓர் இடத்தில் மழை பெய்யும் நேரம் என்பது அது பிறந்த நேரத்தோடு, நடந்து வந்த நேரத்தையும் கூட்டினால் வருவது. ஊரை மட்டும் பார்த்தால் புரியாது.

மே 15, காலை 7.10

மேலே சொன்னதற்குக் கையோடு ஓர் உதாரணம். இந்தோனேசியாவின் ஜகார்த்தா கரையில் இருக்கிறது. போகோர் அங்கிருந்து ஏறக்குறைய 50, 60 கிலோமீட்டர் தெற்கே, மலையடிவாரத்தில். போகோரில் பிற்பகலும் மாலையும் இடிமழை; "மழை நகரம்" என்றே அதற்குப் பெயர். ஜகார்த்தாவிலோ ஜனவரி, பிப்ரவரி பருவமழைக் காலத்தில் பெருமழை இரவிலும் விடியலிலும் விழுகிறது. 2007 பிப்ரவரி வெள்ளத்துக்குக் காரணமான மழையும் பெரும்பாலும் இரவு முதல் காலை வரை பெய்ததுதான்.

மே 15, காலை 7.25

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே உள்ள திவி தீவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவமழைக்கு முந்தைய மாதங்களில் கிட்டத்தட்ட நாள் தவறாமல் பிற்பகலில் ஒரு ராட்சத இடிமேகம் எழும். தீவின் எல்லாக் கரைகளிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து நடுவில் முட்டிக்கொள்வதுதான் காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானிகள் அதற்கு "ஹெக்டர்" என்று பெயர் வைத்தார்கள். அலுவலகம் போகிற ஆள் மாதிரி நேரத்துக்கு வந்துவிடுவதால் ஆராய்ச்சியாளர்களுக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மே 18, இரவு 8.00

ஏரிகளில் இந்தத் தீவுக் கதை தலைகீழ். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி ஏறக்குறைய 69,000 சதுர கிலோமீட்டர், ஒரு சின்னக் கடல். பகலில் ஏரிக்காற்று வெளியே போகிறது, சுற்றியுள்ள நிலத்தில் பிற்பகல் இடிமழை. இரவில் எல்லாக் கரைகளிலிருந்தும் நிலக்காற்று ஏரிக்குள் இறங்கி நடுவில் கூடுகிறது. ஏரியின் மேல் பின்னிரவு இடிமழை. மீன்பிடிக்க இரவில் போகிறவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை.

வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியும் அப்படித்தான், அங்கே மலைக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2016ல் வெளியான செயற்கைக்கோள் கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 233 மின்னல், உலகிலேயே அதிகம். பெரும்பாலும் இரவில்.

இதிலிருந்து கரையின் வடிவத்துக்கும் வருகிறேன். கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நிலத்தில் இரண்டு பக்கக் கடற்காற்றும் ஒன்று சேரும், பிற்பகல் மழை வலுக்கும். ஃபுளோரிடா இதற்குப் பாடநூல் உதாரணம். வளைந்து உள்வாங்கிய விரிகுடாக் கரையிலோ உள்ளே போகும் காற்று விரிந்து சிதறும், பிற்பகல் மழை இளைக்கும். இரவில் அதே வளைவு நிலக்காற்றைக் கடலில் ஒன்றுகூட்டும். நேர்கோடாகக் கரை வரைந்த படங்களை வைத்து விவாதிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

மே 19, காலை 11.50

கடல் ஏற்றம் வரும்போதுதான் மழை வரும் என்று ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார், நாற்பது வருட அனுபவமாம். மரியாதையோடு மறுக்கிறேன். கடல் ஏற்றம் நிலாவோடு போகிறது, தினமும் 50 நிமிடம் போலப் பிந்தும். மழை அதைப் பின்பற்றினால் இந்த வாரம் மாலை மழை, அடுத்த வாரம் நள்ளிரவு மழை என்று நகர்ந்துகொண்டே போக வேண்டும். எங்கேயும் அப்படி இல்லை.

ஆனால் காற்றுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு, அது பெரியவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வெப்பமண்டலத்தில் நல்ல பாரமானியைப் பார்த்தால் காலை 10, இரவு 10 வாக்கில் அழுத்தம் உச்சம். அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. சராசரியிலிருந்து ஒன்று ஒன்றரை மில்லிபார்தான் ஏறி இறங்கும், ஆனால் கடிகாரம் தப்பாது. இதை ஓட்டுவது முக்கியமாகச் சூரிய வெப்பம், அதனால் நாளுக்கு நாள் பிந்துவதில்லை. மழையில் இதற்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்று பேசுகிறார்கள். பங்கு சிறியது என்பது என் கட்சி.

மே 23, இரவு 11.30

சராசரி எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வேறொரு வாசகர் தன் ஊரின் "சராசரி மழை நேரம் மதியம் 12" என்று போட்டிருக்கிறார். அங்கே மதியத்தில் மழையே இல்லை! இரவு 11க்கும் 1க்கும் பெய்த மழையை 23, 1 என்று எழுதி, கூட்டி, இரண்டால் வகுத்தால் 12 வராமல் என்ன வரும்? மணி ஒரு வட்டம். அதை வட்டமாகவே கணக்கிட வேண்டும், ஒவ்வொரு மணியையும் ஒரு கோணமாக வைத்து. அதைவிட, சராசரியே எடுக்காமல் 24 கட்டங்களில் பட்டை வரைந்து பார்ப்பது நல்லது. இரண்டு உச்சம் உள்ள ஊருக்கு ஒரு சராசரி நேரம் சொல்வதே வம்பு.

இன்னொன்று. எத்தனை முறை பெய்தது என்பதும் எவ்வளவு பெய்தது என்பதும் வேறு. தூறல் விடியலில் அடிக்கடி வரலாம், மில்லிமீட்டர் கணக்கு முழுவதும் மாலையின் ஒரே இடிமழையில் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள்.

மே 24, காலை 8.45

நேரம் எழுதும்போது எந்த நேரம் என்று பாருங்கள். இணையத்தில் இறக்கும் கணக்கு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர்க் கடிகாரத்துக்கு மாற்றினாலும் போதாது, சூரியன் தீர்க்கரேகையைத்தான் பார்க்கும். ஒரு பாகைக்கு 4 நிமிடம். சீனா முழுவதும் ஒரே கடிகாரம். அதன் மேற்குக் கோடியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் பிற்பகல் 3 ஆகப் போகிறது. அங்கே 7 மணி மழையும் கிழக்குக் கரையின் 4 மணி மழையும் ஒரே நேரத்து மழைதான்.

தினசரி மழை அளவை வைத்து நேரம் பேசுவது அதைவிட மோசம். இந்தியாவில் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு ஓய்ந்த ஒரே மழை, கணக்கில் இரண்டு நாள் மழையாகிவிடும். விடியல் மழை அதிகமுள்ள கரையில் இது அடிக்கடி நடக்கும்.

ஜூன் 2, இரவு 9.40

உள்நாடு சுலபம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இன்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நியாயமாகவே. "எங்கள் பக்கம் கடலே இல்லை, மழை மட்டும் நள்ளிரவில்."

இங்கேயும் பிறந்த நேரம், நடந்த தூரம்தான். அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் கோடை மழை இரவில் உச்சம். ராக்கி மலைகளில் பிற்பகலில் பிறக்கும் இடிமழை கிழக்கே நடந்து, வழியில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கூட்டமாகி, நள்ளிரவில் சமவெளிக்கு வருகிறது. வழியில் செத்துப்போகாமல் இருக்கக் காரணம், இரவில் தாழ்மட்டத்தில் வேகமெடுக்கும் தென்காற்று. பகலில் சூட்டால் காற்று மேலும் கீழும் கலங்கி, தரை உராய்வு மேல்காற்றையும் பிடித்து நிறுத்துகிறது. சூரியன் சாய்ந்ததும் அந்தப் பிடி விடும். சில நூறு மீட்டர் உயரத்தில் காற்று வேகம் கூடி, நள்ளிரவுக்குப் பின் உச்சத்தை அடைகிறது. அது கொண்டுவரும் ஈரம்தான் தீனி.

சிரபுஞ்சியிலும் பருவமழையின் பெரும்பங்கு இரவிலும் அதிகாலையிலும் விழுகிறது. வங்கதேசச் சமவெளியைக் கடந்து வரும் தென்காற்று இரவில் வலுத்து மேகாலயப் பீடபூமியில் மோதுவது முக்கியக் காரணம். சீனாவின் சிச்சுவான் வடிநிலமும் இரவு மழைக்குப் பேர்போனது.

இதில் என் மனதுக்குப் பிடித்தது அமேசான். பிரேசிலின் வடகிழக்குக் கரையில் பிற்பகலில் கடற்காற்றால் ஒரு மழைக்கோடு எழும். பெலேம் நகரத்தில் மக்கள் "மழைக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டுத்தான் சந்திக்க நேரம் குறிப்பார்களாம். அந்தக் கோடுகளில் சில அங்கேயே அடங்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வாக்கில் இரவெல்லாம் உள்நாட்டுக்குள் நடக்கும், ஆயிரம் கிலோமீட்டரும் தாண்டும். கரையில் மாலை மழை, வழியில் நள்ளிரவு மழை, மறுநாள் நடு அமேசானில் இன்னொரு மழை. மூன்று ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் "மழை நேரம்" பற்றி மூன்று விதி சொல்வார்கள். கோடு ஒன்றுதான்.

ஜூன் 3, காலை 6.30

மழை எப்படித் தானாக நடக்கிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. மழை விழும்போது அதில் கொஞ்சம் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த கனமான காற்று, தரையில் கொட்டிய வாளித் தண்ணீர் போல எல்லாப் பக்கமும் பரவும். அதன் விளிம்பு புதிய சூடான காற்றைத் தூக்கி அடுத்த மேகத்தை எழுப்பும். மழைக்குச் சில நிமிடம் முன்பு கதவு படாரென்று அடித்துக்கொள்கிறதே, புழுக்கம் சட்டென்று விடுகிறதே, அந்த விளிம்பு உங்களைக் கடக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 9, இரவு 10.10

கணினி மாதிரிகளை நம்பலாமா என்ற கேள்வி. பருவநிலை மாதிரிகளுக்கு நெடுநாளாக ஒரு வியாதி: நிலத்தில் மழையை மதியத்துக்கே இறக்கிவிடும். தரை சூடானதும் உடனே மழை என்று எழுதிவைத்த சூத்திரம்தான் காரணம். முதல் நாள் நான் சொன்ன அந்த மெதுவான ஈரப்பாதை அமைக்கும் வேலை அதில் சரியாக வராது. மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம் என்றால் தனி மேகம் எங்கே தெரியும்? சில கிலோமீட்டர் கட்டம் வைத்து இடிமேகத்தை நேரடியாகவே கணக்கிடும் மாதிரிகளில் உச்சம் மாலைப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. கைபேசியில் வரும் முன்னறிவிப்பு தினமும் மதியம் 1 மணிக்கே மழைக் குறி காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சோதித்துப் பார்க்கச் செயற்கைக்கோள் உதவியது. 1997ல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய வெப்பமண்டல மழை அளவைக் கோள், வேண்டுமென்றே தினமும் ஒரே நேரத்தில் கடக்காத பாதையில் வைக்கப்பட்டது. எல்லா மணிகளையும் ஒரு சுற்றுப் பார்க்க அதற்கு ஏறக்குறைய 46 நாள் ஆகும். 2015 வரை ஓடியது. மரகைபோ மின்னல் கணக்கும் அதில் இருந்த கருவி தந்ததுதான்.

ஜூன் 17, இரவு 7.55

கேள்வி கேட்டவர் நான் சொன்னதை வைத்து மேல்காற்றுத் திசையால் நாட்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நிலத்திலிருந்து அடித்த நாட்களில் இரவு உச்சம் தனியாக நிற்கிறது, கடலிலிருந்து அடித்த நாட்களில் விடியல் உச்சம். சந்தோஷம். ஆனால் எதிலும் சேராமல் ஒரு கும்பல் நாட்கள் மிச்சமாம், 24 மணியும் சமமாகப் பெய்தவை.

அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தாழ்வு மண்டலம், புயல், பருவக்காற்று மிக வலுத்த நாட்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. பலத்த காற்று அடிக்கும்போது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையே கலைத்துவிடுகிறது, கடற்காற்று என்று ஒன்று எழ இடமே இல்லை. அதோடு வானம் முழுவதும் மூடியிருந்தால் தரை சுடவும் சுடாது. பருவமழை இடைவெளி விட்ட நாட்களில்தான் மாலை இடிமழை மறுபடி தலைகாட்டும். சின்ன மழை நேரம் பார்க்கும், பெருமழை பார்க்காது என்று இதைச் சுருக்கப் பார்த்தேன். ஆனால் ஹெக்டர் சின்ன மழை இல்லையே. எனவே சுருக்கவில்லை.

ஜூன் 18, காலை 9.15

கூரைக் கான்கிரீட் எப்போது போடலாம் என்று ஒருவர் நடுவில் கேட்டுவிட்டு ஓடிவிட்டார். உள்நாடு என்றால் விடியலில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடியுங்கள், மூடத் தார்ப்பாய் கையில் இருக்கட்டும். கரை என்றால் முந்தின நாள் 3 கிலோமீட்டர் உயரத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பாருங்கள். கடலிலிருந்து என்றால் ரேடாரில் கரைக்கு வெளியே கோடு இருக்கிறதா என்று அதிகாலை 5 மணிக்குப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். புயல் சின்னம் இருந்தால் இந்த இழையில் உள்ள எதுவும் செல்லாது.